ஏழரை ஹெச்பி மோட்டார் என்ன விலைங்க?

கோயம்புத்தூர் பக்கம் பம்ப்செட் கடை வாட்ஸப்பில் அடிக்கடி வந்து விழும் கேள்வி இது. "ஏனுங்ணா, ஏழரை ஹெச்பி மோட்டார் என்ன விலைங்க?" தானாகப் பதில் எழுதும் ஏஐ பாட் போட்டிருக்கும் கடை என்றால் ரெண்டு நொடியில் படம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து விலை போய்விடும். கடையில் பல வருசம் நின்றவர் உடனே விலை சொல்ல மாட்டார். "போர் எத்தனை அடிங்க?" என்று ஆரம்பிப்பார். ஏஐ வந்தால் விற்பனை வேலை என்னாகும் என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

விற்பனை என்றால் சேல்ஸ்மேன் மட்டும் செய்வது என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்கத் தொழிலாளர் துறை பராமரிக்கும் ஓநெட் என்ற தொழில் தகவல் தொகுப்பில், மற்றவர்களை வாங்க வைப்பதும் மனத்தை மாற்றிக்கொள்ள வைப்பதும் ஒரு தனிச் செயலாக வைக்கப்பட்டு, ஒவ்வொரு தொழிலிலும் அது எவ்வளவு முக்கியம் என்று மதிப்பெண் போடப்படுகிறது. நம் ஊர்க் கண்ணோடு பார்த்தாலும் அதுதான் உண்மை. ஆடை வாங்கும் கம்பெனியிடம் பேசி ஆர்டரை நடத்தும் திருப்பூர் மெர்ச்சண்டைசர் விற்கிறார். உரக்கடைக்காரர் விற்கிறார். போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட் விற்கிறார். "இந்த மோட்டார் இனித் தாங்காதுங்க, புதுசா மாத்திருங்க" என்று சொல்லும் ரீவைண்டிங்காரரும் அந்த நிமிசம் விற்பனையாளர்தான்.

ஆராய்ச்சிகளும் இப்படித்தான் நகர்ந்திருக்கின்றன. 2013-இல் ஃப்ரே, ஆஸ்போர்ன் என்ற ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வேலைகளை முழுசு முழுசாக எடுத்துக் கணக்குப் போட்டார்கள். அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு இயந்திரமயமாகும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்ன அந்தப் பட்டியலில், போனில் கூப்பிட்டு விற்கும் டெலிமார்க்கெட்டருக்கு 99 விழுக்காடு. 2023-இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்களும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தவரும் வேலையைப் பணிகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். அமெரிக்கத் தொழிலாளர்களில் சுமார் 80 விழுக்காட்டினருக்குப் பணிகளில் குறைந்தது 10 விழுக்காடு மாறலாம், சுமார் 19 விழுக்காட்டினருக்குக் குறைந்தது பாதி மாறலாம் என்பது அவர்கள் கணிப்பு. நம் கடைக்கும் பொருந்துவது இந்த ரெண்டாவது வழிதான். வேலை போகுமா என்று கேட்பதைவிட, வேலைக்குள் எந்தத் துண்டு போகும் என்று கேட்டால் உருப்படியாக ஏதாவது செய்ய முடியும்.

பம்ப்புக்கே வருவோம். கேட்க வேண்டியவை இவை: போர்வெல்லின் ஆழம், அதற்குள் இறக்கிய கேசிங் குழாயின் அளவு, மோட்டார் ஓடும்போது தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, தொட்டி எவ்வளவு மேட்டில் இருக்கிறது, பைப் என்ன சைஸ், எவ்வளவு தூரம், மின் இணைப்பில் எத்தனை ஹெச்பிக்கு அனுமதி, பழைய மோட்டார் ஏன் போச்சு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 800 அடி போர். மோட்டார் நிற்கும்போது தண்ணீர் 300 அடியில். ஓட்டினால் 420 அடிக்கு இறங்குகிறது. தொட்டி 30 அடி மேடு. நொடிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். 420-ஓடு 30 சேர்த்து 450, பைப் உராய்வுக்கு 10 விழுக்காடு கூட்டினால் 495 அடி, ஏறக்குறைய 151 மீட்டர். ஒன்றரையை 151-ஆல் பெருக்கி, ஹெச்பிக்கு மாற்ற 75-ஆல் வகுத்தால் 3 வரும். மோட்டாரும் பம்ப்பும் சேர்ந்த திறன் 45 விழுக்காடு என்று வைத்து வகுத்தால் 6.7. ஆகவே ஏழரை ஹெச்பி.

இதே கணக்கை 300 அடியை வைத்துப் போட்டால் மொத்தம் 363 அடி, சுமார் 111 மீட்டர், விடை 4.9. ஐந்து ஹெச்பி போதும் என்று வந்துவிடும். "தண்ணி எத்தனை அடிங்க?" என்று பொதுவாகக் கேட்டால் விவசாயி 300 என்றுதான் சொல்வார், ஏனென்றால் கயிறு விட்டுப் பார்த்தது அதுதான். பாட் அந்த எண்ணை வாங்கி, பிசகே இல்லாமல் கணக்குப் போட்டு, தவறான பம்ப்பைச் சொல்லும். மாட்டிய பிறகு முதல் கொஞ்ச நேரம் தண்ணீர் நன்றாக வரும். மட்டம் இறங்க இறங்கக் குழாயில் தண்ணீர் மெலியும். பயந்து தேவைக்கு மேல் ஸ்டேஜ் (பம்ப்புக்குள் தண்ணீரை மேலே தள்ளும் அடுக்கு) போட்டாலும் வில்லங்கம்தான். ஊற்று வேகத்தைவிட அதிகமாக இழுத்து, மட்டம் பம்ப்புக்குக் கீழே போய், வெறும் ஓட்டம் ஓடி காயில் கருகும். ஹெட், அதாவது தண்ணீர் ஏற வேண்டிய மொத்த உயரம், குறைவான இடத்தில் தண்ணீர் அதிகம் தள்ளி ஆம்பியர் ஏறி, பேனல் போர்டு டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும்.

கணக்கை இயந்திரம் போடட்டும், நம்மைவிட வேகமாகப் போடும். "ஓடும்போது எத்தனை அடிங்க? எப்ப பார்த்தீங்க, வைகாசியிலயா ஐப்பசியிலயா?" என்று பாட்டைக் கேட்க வைப்பதுதான் நம் வேலை. அந்தக் கேள்விகளைப் பட்டியலாக எழுதிக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் பதில் வரும்வரை மாடல் பேரைச் சொல்லாதே என்று கட்டிப்போட்டால் பாட் நன்றாகவே கேட்கும். பட்டியலை எழுத, கடையில் வருசக்கணக்கில் நின்ற ஆள் வேண்டும்.

வாய்ஸ் மெசேஜ் தனித் தலைவலி. "ஒண்ணேகால் இஞ்ச்" என்பதையும் "ஒண்ணரை இஞ்ச்" என்பதையும் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் குழப்பிக்கொண்டால், அதே அளவு தண்ணீருக்கு உராய்வு ரெண்டு மடங்குக்கு மேல் மாறிவிடும். ஏழரை, முக்கால், ஒண்ணேமுக்கால் எல்லாம் இதே ரகம். எண் வரும் எந்த வாய்ஸ் மெசேஜுக்கும், புரிந்துகொண்டதை எண்ணில் எழுதித் திருப்பி அனுப்பி, "சரிங்களா?" என்று கேட்டு வாங்காமல் அடுத்த படி போகக் கூடாது.

திருப்பூருக்குப் போனால் கதையே வேறு. அங்கே ஏஐ ஏற்கெனவே மெர்ச்சண்டைசரின் மேசை மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பும் டெக் பேக்கை (ஆடையின் அளவும் துணி விவரமும் உள்ள தாள்கள்) படித்துச் சுருக்குவது, காஸ்டிங் ஷீட்டுக்கு எண்களை எடுப்பது, ஃபாலோ அப் மெயில் எழுதுவது மூன்றும் மணிக்கணக்கில் இருந்து நிமிசக்கணக்குக்கு வந்துவிட்டன. நல்ல விசயம்தான். ஆனால் ரெண்டு இடத்தில் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். ஒரு டி-ஷர்ட்டுக்கு உடல் நீளம் 72 சென்டிமீட்டர், கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, மொத்தம் 104. மார்பு அகலம் 54, கூட 4, ரெண்டு பக்கம் என்றால் 116. ரெண்டையும் பெருக்கி 160 ஜிஎஸ்எம்மால் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் 193 கிராம். துவைப்பதற்கு முன் 160, பின் 180 என்று டெக் பேக்கில் ரெண்டும் இருந்து, மென்பொருள் 180-ஐ எடுத்துக்கொண்டால் 217 கிராம் ஆகிவிடும். 10 விழுக்காடு வேஸ்டேஜ் சேர்த்தால் பீசுக்கு சுமார் 26.5 கிராம் வித்தியாசம். 20,000 பீசுக்கு 530 கிலோ துணி. கிலோ 400 ரூபாய் என்று வைத்தாலே ரெண்டு லட்சத்துக்கு மேல். இந்தப் பக்கம் தப்பினால் ரேட் கூடிப்போய் ஆர்டர் பக்கத்து கம்பெனிக்குப் போகும். அந்தப் பக்கம் தப்பினால் ஆர்டர் நமக்கு வரும், நட்டமும் கூடவே வரும்.

ரெண்டாவது, மெயிலில் உள்ள ஒரு சொல். "இந்தத் தேதிக்குள் முடியுமா?" என்று பையர் கேட்டிருப்பார். பதில் எழுதித் தரும் ஏஐ மரியாதையான ஆங்கிலத்தில் "வீ கன்ஃபர்ம்" என்று போட்டுவிடும். பேசுவதற்கு அழகாக இருக்கும். டையிங்கில் இருந்து துணி வரும் தேதி தெரியாமல் அந்தச் சொல் போய்ச் சேர்ந்தால், கப்பலைத் தவறவிட்டுச் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விடியும். தேதி, விலை, அளவு மூன்றில் எது வந்தாலும் அந்த மெயிலை ஆள் படிக்காமல் அனுப்பக் கூடாது என்பதை ஆபீசில் சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம்.

உரமருந்துக் கடையில் பிழை இன்னும் ஆபத்தானது. இலையைப் படம் எடுத்துப் போட்டு "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று நேராக ஏஐயிடமே கேட்கிறார்கள். அது பெரும்பாலும் ஹெக்டேர் கணக்கில் பேசும். நம்மவர் டேங்க் கணக்கில் அடிப்பவர். ஹெக்டேருக்கு 250 மில்லி என்றால் ஏக்கருக்கு 100 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 16 லிட்டர் டேங்க் என்றால் பன்னிரண்டரை டேங்க், டேங்குக்கு 8 மில்லி. ஹெக்டேரை ஏக்கர் என்று எடுத்துக்கொண்டால் அது 20 மில்லியாகி, பயிர் கருகும், அடிப்பவர் உடம்புக்கும் கேடு. இந்தியாவில் எந்தப் பயிருக்கு எந்த மருந்து என்பது 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவாகி லேபிளில் இருக்கும். வேறு நாட்டுப் பழைய பக்கங்களையும் படித்துப் பழகிய மென்பொருள், 2011-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திய எண்டோசல்ஃபான் போன்ற பெயரைக்கூடச் சொல்லக்கூடும். டப்பா லேபிளைப் பார்க்காமல் பில் போடக் கூடாது.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிசாமாபாத், சாங்லி மஞ்சள் சந்தைகளில் என்ன ரேட் என்பது இப்போது விவசாயி போனிலேயே இருக்கிறது. அந்தத் தகவலை வைத்து மட்டும் பிழைத்த தரகருக்கு இனிமேல் கஷ்டம்தான். நிறத்தைப் படம் சொல்லிவிடும். சரியாகக் காய்ந்திருக்கிறதா என்பதைப் படம் சொல்லாது, விரலி மஞ்சளை ஒடித்துச் சத்தம் கேட்க வேண்டும். விதைப்புக்கு முன்பணம் கொடுத்த மண்டிக்கும் விவசாயிக்கும் உள்ள கணக்கில் எந்த மென்பொருளும் நடுவில் நிற்கப் போவதில்லை. அந்தியூர் ஆடிச் சந்தையிலும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையிலும் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஒரு சிக்கல் நம் பேச்சிலேயே இருக்கிறது. "பாக்கலாமுங்க" என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். "ஊட்ல கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றால் விலை ஒத்துவரவில்லை. "டெலிவரி நீங்களே பண்ணிருவீங்களா?" என்று கேட்டால் பாதி வாங்கியாச்சு. மரியாதைக்காக முகத்துக்கு நேரே மறுக்காத ஊர் இது. விசாரணைகளைச் சூடு, ஆறியது என்று பிரித்துத் தரும் மென்பொருள் "பாக்கலாமுங்க"வைச் சூடான பட்டியலில் போட்டு, நாலு நாள் தொடர்ந்து மெசேஜ் அனுப்பும். ஐந்தாம் நாள் அவர் பிளாக் செய்துவிடுவார், அடுத்த தீபாவளிக்கும் கடைப்பக்கம் வர மாட்டார்.

கடையில் பாட் வைப்பதாக இருந்தால், பழைய விசாரணைகளில் 50-ஐ எடுத்து, பேரையும் போன் நம்பரையும் நீக்கிவிட்டு, அதனிடம் கேட்டுப் பாருங்கள். கடை ஆள் அன்றைக்குச் சொன்ன பதிலோடு ஒப்பிட்டால் எங்கே வழுக்குகிறது என்று ஒரு சாயங்காலத்தில் தெரிந்துவிடும். விலைப்பட்டியல் ஒரே தாளில், தேதியோடு இருக்கட்டும். பழைய பட்டியல் எங்காவது கிடந்தால் அதையும் படித்துச் சொல்லும். தள்ளுபடி, கடன், வாரண்டி மூன்றில் எதைக் கேட்டாலும் மனிதரிடம் மாற்றிவிட வேண்டும். கனடாவில் ஏர் கனடா வலைத்தளத்து பாட் ஒரு பயணியிடம் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொன்னது. பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற வாதத்தை ஏற்காமல், 2024 பிப்ரவரியில் அங்குள்ள தீர்ப்பாயம் நிறுவனத்தையே பணம் கொடுக்கச் சொன்னது.

எனக்கு உண்மையிலேயே வெசனமாக இருப்பது புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பற்றி. பொருளாதார ஆய்வாளர் எரிக் பிரின்யோல்ஃப்சனும் கூட்டாளிகளும் 5,000-க்கு மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டதில், ஏஐ துணையால் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலை சராசரியாக 14 விழுக்காடு கூடியது. புதியவர்களுக்கு 34 விழுக்காடு. பழுத்த ஆட்களுக்குப் பெரிய மாற்றமில்லை. புதியவருக்கு இது வரம். அதே சமயம், காஸ்டிங் ஷீட்டைக் கையால் போட்டுப் போட்டுத்தான் ஒரு மெர்ச்சண்டைசருக்கு "இந்த எடை எங்கேயோ இடிக்குதே" என்று தோன்றப் பழகுகிறது. அந்தப் பழக்கம் வராதவர் 217 கிராமைப் பார்த்தும் கடந்து போவார்.

அதனால் முதல் மூன்று மாதம் இப்படிச் செய்யலாம். ஸ்டைல் வந்ததும் புதியவர் காகிதத்தில் தானே எடையும் ரேட்டும் போட வேண்டும். அதற்குப் பிறகு ஏஐ போட்டதைத் திறக்க வேண்டும். ரெண்டும் ஒத்துப்போகாத இடத்தில் யார் சரி, ஏன் என்று டெக் பேக்கின் பக்க எண்ணோடு ஒரு வரி நோட்டில் எழுத வேண்டும். பம்ப் கடையில் அதே மாதிரி ஒரு நோட்டில் மூன்று கட்டம் போதும்: வாடிக்கையாளர் முதலில் சொன்ன அடி, திருப்பிக் கேட்ட பிறகு சொன்ன அடி, மாட்டிய அன்று அளந்த அடி.