எதிர் வீட்டு அத்தையின் கை

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பாவடியில் இப்போது கார்கள் நிற்கின்றன. மாலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். முகூர்த்த நாட்களில் பந்தல் போட்டுச் சமைக்கிறார்கள். இடம் வீணாகக் கிடக்கிறது, ஒரு மண்டபம் கட்டி வாடகைக்கு விடலாம் என்று தெருவில் பேச்சு அடிபடுவதாகப் போன வாரம் அம்மா சொன்னாள். கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அந்த மண்ணில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர்கள் யாராவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா?

நெசவாளர்கள் கூடி வாழ்ந்த ஊர்களில் பாவடி இருக்கும். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். அதை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவதற்கென்று விட்ட பொது நிலம் அது. எண்பதுகளில், நான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், விடிவதற்கு முன்பே அங்கே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். பாவடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மரக் கால்களை நட்டு, அவற்றின் மேல் பாவை விரித்து இழுத்துக் கட்டுவார்கள். நீர்த்த அரிசிக் கஞ்சியை இழைகளின் மேல் தெளித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பாவாற்றி என்ற பெரிய தூரிகையால் ஒரே சீராக வாருவார்கள். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை முறுகி அறும். மழை வந்தால் எல்லாம் போச்சு. அதனால் அப்பா வெளியே வந்ததும் முதலில் வடக்கே திரும்பிச் சேர்வராயன் மலையைப் பார்ப்பார். மலை தெளிவாக இருந்தால்தான் அடுத்த வேலை. இன்றைக்கும் நான் காலையில் பால்கனிக்கு வந்தால் கண் தானாக அந்தப் பக்கம்தான் போகிறது.

ஒரு குடும்பமாக மட்டும் இந்த வேலையைச் செய்யவே முடியாது. இன்று எங்கள் பாவு என்றால் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வந்து நிற்பார்கள். நாளை அவர்கள் பாவு என்றால் அப்பா போவார். கூலி கிடையாது. காபியும், உள்ளங்கை நிறையப் பொரியும் உண்டு. பையன்களும் பெண்களுமாக நாங்கள் பாவின் ஓரமாக நடந்துகொண்டே அறுந்த இழை எங்கே தொங்குகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். 'இங்கே ஒன்று' என்று கத்துவதில் எங்களுக்குள் போட்டியே நடக்கும்.

அப்பா நெய்தது வெண்பட்டு வேட்டி. சேலத்து வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு எல்லாம் கிடைத்தது பிற்காலத்தில். எங்கள் வீட்டில் அது சோறு போட்ட வேட்டி, அவ்வளவுதான். கோராப் பட்டு நூலை, அதாவது பசை போகாத பட்டு நூலை, சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசையை எடுத்தால்தான் அந்த வெண்மை வரும். அப்பா குழித்தறியில் உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே குழிக்குள் இருக்கும். வாசலில் வருபவர்களுக்கு அவர் தரையில் முளைத்த ஆள் போலத் தெரிவார்.

ஆண்களின் வேலை பாவடியில் என்றால், பெண்களின் வேலை வீட்டுக்குள், பாவு பிணைப்பதில். தறியில் ஒரு பாவு முடிகிறபோது அதன் கடைசி நுனியை அறுத்து எடுத்துவிட மாட்டார்கள். தறியில் இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சிலும், அவற்றை ஏற்றி இறக்கும் விழுதிலும் கோத்த இழைகள் அப்படியே இருக்க, புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய இழை ஒவ்வொன்றோடும் சேர்த்து முறுக்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு அச்சுக்குள் நுழையாது. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு நுனிகளையும் வைத்து ஒரு உருட்டு, பின் மடக்கி இன்னொரு உருட்டு. அவ்வளவுதான், ஒட்டிக்கொள்ளும். இப்படிச் சில ஆயிரம் இழைகள். ஒருத்தி இந்த ஓரத்திலிருந்தும் இன்னொருத்தி அந்த ஓரத்திலிருந்தும் தொடங்கி நடுவில் வந்து சந்திப்பார்கள். எங்கள் வீட்டுப் பாவுக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் எதிர் வீட்டு அத்தை. அவர்கள் வீட்டுப் பாவுக்கும் அதே ஜோடிதான்.

அத்தை என்றால் உறவு அல்ல. அம்மா அவரை அண்ணி என்பாள், அதனால் எங்களுக்கு அத்தை. இருவருக்கும் நடுவே சண்டை வந்தது குழாயடியில். அப்போது மேட்டூர்த் தண்ணீர் தெருக்குழாயில் தினமும் வராது. வருகிற நாளில் விடிய விடியக் குடம் வரிசையில் நிற்கும். அந்தத் தள்ளுமுள்ளில் அத்தையின் பித்தளைக் குடம் நசுங்கியது. யார் கை பட்டது என்பது இன்று வரைக்கும் முடிவாகவில்லை. அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். அத்தை பதிலுக்கு அம்மாவின் பிறந்த வீட்டை இழுத்தார். ராசிபுரத்தில் என் தாத்தா பட்ட கடனைப் பற்றித் தெருவே கேட்கச் சொல்லிவிட்டார். பிறந்த வீட்டைச் சொன்ன பிறகு பெண்களுக்குள் எப்படிச் சமாதானம் வரும்? அன்றோடு பேச்சு நின்றது. எதிர் எதிர் வாசல். கோலம் போட ஒரே நேரத்தில் இருவரும் வருவார்கள். ஒருவர் தலை நிமிர்ந்தால் மற்றவர் குனிவார்.

அடுத்த பாவு முடிந்தது. அம்மா காலையிலேயே சாம்பலைச் சலித்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் தனியாகவே உட்கார்ந்து பிணைக்கத் தொடங்கினாள். அப்பா வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. அத்தை உள்ளே வந்தார், 'வா' என்று யாரும் சொல்லவில்லை, மறு ஓரத்தில் போய் உட்கார்ந்து கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார். இரண்டு பேரும் ஒரு சொல் பேசாமல் மாலை வரை பிணைத்தார்கள். பிணைத்து முடித்ததும் அத்தை எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா என்னிடம் ஒரு டம்ளர் காபியைக் கொடுத்து, 'அவங்க வீட்டில் கொடுத்துவிட்டு வா' என்றாள். பெயரும் சொல்லவில்லை, உறவும் சொல்லவில்லை.

அவர்கள் வீட்டில் பாவு முடிந்தபோது அம்மா அதே போலப் போனாள். இப்படியே ஆண்டுக்கணக்கில் நடந்தது. பேச்சு இல்லை, கை மட்டும் வரும். ஆடியில் சேலத்தின் எட்டுப் பேட்டை மாரியம்மன் கோயில்களிலும் திருவிழா களைகட்டும். தெருவே பொங்கல் வைக்கும். அப்போதுகூட இவர்கள் தனித்தனி அடுப்புதான். ஆனால் பாவு என்று வந்துவிட்டால் போகாமல் இருப்பதை இருவரில் ஒருவர்கூட நினைத்துப் பார்க்கவில்லை. போகாவிட்டால் எதிர் வீட்டுத் தறி நிற்கும். தறி நின்றால் அந்த வாரம் அரிசி இல்லை. எத்தனை கோபமானாலும் அதைச் செய்ய அவர்களுக்கு மனம் வராது.

பேச்சு திரும்பி வந்ததையும் நான் பார்த்தேன். மத்தியான நேரம், வெயிலில் ஓடு காய்ந்துகொண்டிருந்தது. இருவரும் நடுப்பாவுக்கு வந்துவிட்டார்கள், இடையில் சாண் அகலம்கூட மீதி இல்லை. அம்மா பக்கத்தில் ஒரு பழைய இழை ஜோடியில்லாமல் நின்றது. எங்கோ ஒன்று விட்டுப்போய், அங்கிருந்து எல்லாம் ஒன்று தள்ளி ஏறியிருக்கிறது. அம்மா தன் பக்கத்தைத் தேடினாள், கிடைக்கவில்லை. தலையைத் தூக்காமலே, "அண்ணி, இழை மாறிவிட்டது" என்றாள்.

அத்தை, "எங்கே, காட்டு" என்று நகர்ந்து வந்தார். இருவர் தலையும் முட்டிக்கொள்ளும் அளவுக்குக் குனிந்து, விரலால் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனார்கள். அத்தைதான் கண்டுபிடித்தார். "உன் பக்கம் இல்லை, என் பக்கம்தான்" என்றார். அங்கிருந்து எல்லாவற்றையும் பிரித்து மறுபடியும் போட்டார்கள். போட்டுக்கொண்டே அத்தை தன் பெரிய பெண்ணுக்கு ஆத்தூரிலிருந்து வரன் வந்திருப்பதைச் சொன்னார். அம்மா மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டாள். குடத்தைப் பற்றியோ ராசிபுரத்தைப் பற்றியோ ஒரு பேச்சும் எழவில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. என் அக்கா நன்றாகப் படித்தவள். தார் சுற்ற, அதாவது குறுக்கிழை நூலைச் சிறு குழலில் சுற்ற, ஆள் இல்லை என்று அவள் படிப்பைத்தான் நிறுத்தினார்கள். அவள் ராட்டையில் சுற்றிய தாரில் வந்த பணத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். கடைசிக் காலத்தில் அப்பாவுக்குக் கால் நரம்புகள் கயிறு போலப் புடைத்துக்கொண்டு இரவெல்லாம் வலிக்கும். வேட்டி கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பதும், நெய்தவருக்கு என்ன வருகிறது என்பதும் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாகக் குழியை மண் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் பதித்தபோது நான் துக்கப்படவில்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள், நல்லதுதான். அக்கா இன்றைக்கும் தன் பேத்தியின் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடுவதை வேறு யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை.

ஆனால் தறியோடு போன இன்னொன்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நான் இப்போது அழகாபுரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். நல்ல காற்று, நல்ல தண்ணீர், நல்ல மனிதர்கள். எங்கள் மாடியில் இரண்டு குடும்பங்களுக்குள் ஸ்கூட்டர் நிறுத்துவதில் தகராறு வந்தது. குடம் நசுங்கியதைவிடச் சின்ன விஷயம்தான். இன்று வரை பேச்சில்லை. ஒரு வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் லிஃப்டில் எதிர் வீட்டுக்காரர் நின்றால் படியேறித்தான் வருகிறார். பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கிறது. இரண்டு பேருமே அம்மாவையோ அத்தையையோ விடக் கெட்டவர்கள் அல்ல. படித்தவர்கள், பிறருக்கு உதவுகிறவர்கள். ஒருவர் கை இல்லாவிட்டால் மற்றவர் வீட்டில் உலை பொங்காது என்ற நிலைமை மட்டும் அங்கே இல்லை. அதனால் கோபம் அப்படியே இருக்கிறது. யாரும் அதைத் தாண்டி நடக்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து ரோட்டில் பஸ் ஏறி, பழைய பஸ் நிலையத்தில் மாறி, பட்டைக்கோயில் வழியாக அம்மாவைப் பார்க்கப் போகிறேன். இரட்டை அடுக்கு மேம்பாலத்தின் மேல் பஸ் ஏறும்போது மலைகள் மறுபடியும் கண்ணுக்குத் தெரிகின்றன. வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை. கீழே தெருவில் நின்றால் இப்போது கட்டடங்கள் மறைக்கின்றன. பாலம் கட்டிய காலத்தில் பட்ட அவதியை நான் மறக்கவில்லை. இருந்தாலும் இந்த ஒரு காட்சிக்காக நான் எப்போதும் ஜன்னலோர இருக்கையைத்தான் பிடிப்பேன்.

வீட்டுக்குப் போனால் அத்தை அநேகமாக எங்கள் திண்ணையில்தான் இருப்பார். மாலையில் அவருக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்துத் தருவார்களே, அதே தெருமுனை வண்டியில்தான் வாங்க வேண்டும், வேறு கடை என்றால் ஒரு வாயிலேயே தெரிந்துகொள்வார். பல் இல்லாததால் வடையை நொறுக்கிக் குழைத்துச் சாப்பிடுகிறார். பாதியை அம்மாவிடம் தள்ளுகிறார். அம்மா காரம் அதிகம் என்று திட்டிக்கொண்டே சாப்பிடுகிறாள்.

தெருவில் இப்போது மிஞ்சியிருப்பது ஒன்றிரண்டு தறிகள். தெருக்கோடி வீட்டுப் பையன் இன்னும் நெய்கிறான். பாவு பிணைக்க ஆள் கிடைக்காமல் போன மாதம் அம்மாவிடம் வந்து நின்றான். அம்மாவுக்கு இழை கண்ணுக்குத் தெரிவதில்லை. அத்தைக்கு விரல் நடுங்குகிறது. இருந்தும் இருவரும் கிளம்பிப் போனார்கள். அவன் மனைவி ஓமலூர்ப் பக்கம், நெசவே தெரியாத வீட்டுப் பெண். அவளை நடுவில் உட்கார வைத்து, ஒருத்தி அந்தப் பக்கமும் ஒருத்தி இந்தப் பக்கமுமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாம்பலை அதிகம் தொடாதே, முதல் உருட்டில் இழுக்காதே, ஒன்று விட்டுப்போனால் உடனே வாயைத் திறந்து சொல் என்று.

மண்டபப் பேச்சு மறுபடி எழும்போது கூட்டத்துக்கு நானும் போவதாக இருக்கிறேன். பாவடியில் எதையும் கட்ட வேண்டாம் என்று எழுந்து சொல்வேன். இனிமேல் அங்கே யார் பாவு விரிக்கப் போகிறார்கள் என்று கேட்பார்கள். கோடி வீட்டுப் பையனைக் காட்டுவேன். அவனும் ஒரு நாள் நிறுத்திவிட்டால், ஆடிக்குப் பொங்கல் வைக்கவும், சாவு வீட்டுக்கு வருபவர்கள் நிற்கவும், பையன்கள் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொள்ளவும் தெருவுக்கு ஒரு வெட்டவெளி வேண்டாமா என்று கேட்பேன். அத்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் அவர் பேசத் தொடங்கினால் பழைய கதையெல்லாம் வெளியே வரும், ராசிபுரம் உட்பட. வரட்டும் என்கிறாள் அம்மா.