எஞ்சினியர்கள் ஊதிய ட்ரம்பெட்

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்தவன் என்று சொன்னால், "நீல் ஆம்ஸ்ட்ராங் படித்த இடமா?" என்று உடனே கேட்பார்கள். அந்த ஆம்ஸ்ட்ராங் நம் பல்கலைக்கழக அணிவகுப்பு பேண்டில் பாரிட்டோன் என்ற பித்தளைக் குழல் ஊதியவர் என்பது நம் முன்னாள் மாணவர் சங்கத்திலேயே பலருக்குத் தெரியவில்லை. போன கூட்டத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஆம்ஸ்ட்ராங் மாதிரி விமானப் பொறியியல் மாணவருக்கு பேண்டில் என்ன வேலை என்றால், பர்டியூ பேண்டே அப்படித்தான். 2000-களில் நாம் படித்தபோது அங்கே இசைக்கென்று தனிக் கல்லூரி கிடையாது. சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்குக் கருப்பும் பொன்னிறமுமாக மைதானத்தில் இறங்கும் முந்நூறு சொச்சம் பேரில் பெரும்பாலோர் திங்கட்கிழமை தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் தூங்கி வழிபவர்கள்.

தொடக்கம் ரொம்பச் சின்னது. 1886-ல் ஐந்து மாணவர்கள் டிரம் அடித்தார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி உண்டு. கால் எடுத்து வைக்கத் தாளம் வேண்டும். 1905-ல் பால் ஸ்பாட்ஸ் எம்ரிக் பேண்டுக்குத் தலைமை ஏற்றார். அவர் அப்போது மின்பொறியியல் மாணவர். 1954 வரை அவர்தான் இயக்குநர். அரை நூற்றாண்டு ஒரே ஆள்!

1907-ல் அவர் செய்த காரியம்தான் முக்கியம். அதுவரை பேண்டுகள் பட்டாளம் மாதிரி வரிசை பிசகாமல் போய்க்கொண்டிருந்தன. எம்ரிக் அந்த வரிசையைக் கலைத்து, மைதானத்தில் ஆட்களைக் கொண்டே பர்டியூவின் முதல் எழுத்தான 'பி'யை நிற்கவைத்தார். அமெரிக்காவில் இதுவே முதல் முறை என்பது பர்டியூவின் பெருமை. முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்து நடப்பது சுலபம். எழுத்தாக நிற்பதென்றால் ஒவ்வொருவனுக்கும் தனி இடம், தனிப் பாதை, போய்ச் சேர வேண்டிய நேரம் என எல்லாம் கணக்கு. எஞ்சினியர் மண்டையில் உதித்த யோசனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் உதவிக்கு வந்த பையன் ஒருவன் ட்ராம்போன் வாசிப்பான். அவன் பையில் ஓரம் மடங்கி அழுக்கேறிய ஒரு குட்டி நோட்டு இருக்கும். எத்தனையாவது தாளத்தில் எந்தக் கோட்டிலிருந்து எத்தனை காலடி தள்ளி நிற்க வேண்டும் என்று பென்சிலால் குறித்திருப்பான். ஐந்து கெஜத்துக்கு எட்டு காலடி. அதாவது ஒரு காலடி இருபத்திரண்டரை அங்குலம். கீழே பார்க்கக் கூடாது. நெட்டையனும் குட்டையனும் அதே அளவுதான் வைக்க வேண்டும். சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் வராந்தாவில் தரை ஓடுகளை எண்ணியபடி போய்வந்துகொண்டிருப்பான். பேராசிரியர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்.

அப்புறம் அந்தப் பெரிய டிரம். 1921-ல் எம்ரிக் சொல்லி, இண்டியானாபொலிஸில் லீடி என்ற டிரம் கம்பெனி செய்து கொடுத்தது. வண்டியில் ஏற்றி நிறுத்தினால் பத்தடிக்கு மேல் உயரம். சரியான அளவைக் கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். தவிலுக்குத் தோல் வாங்கவே அலைகிற ஊரிலிருந்து வந்தவன் நான். இதற்கு எந்த மாட்டைப் பிடித்திருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. ஆரம்பத்தில் தோல்தான் கட்டினார்கள். பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள். அதைத் தள்ளிக்கொண்டு ஓடவும் அடிக்கவும் தனியாக ஒரு மாணவர் கோஷ்டி உண்டு.

உலகிலேயே பெரியது என்ற பட்டத்துக்கு அடுத்த ஆண்டே போட்டி வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்துக்காகவும் 1922-ல் ஒரு ராட்சத டிரம் செய்தார்கள். 1939-ல் சிகாகோ கால்பந்தையே கைவிட்டதும் அதைச் சீண்ட ஆளில்லை. 1950-களில் அது டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எது பெரியது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

எம்ரிக்குக்குப் பின் வந்த ஆல் ஜி. ரைட் 1981 வரை நடத்தினார். கோல் சுழற்றும் மாணவிக்கான 'கோல்டன் கேர்ள்' பட்டம் 1954-ல் அவர் காலத்தில் வந்ததுதான். எனக்கு அதில் அவ்வளவாக ஈடுபாடு இல்லை, கூட்டத்துக்கு உண்டு. இண்டியானாபொலிஸில் நடக்கும் இண்டி 500 கார் பந்தயத்திலும் ஆண்டுதோறும் நம் பேண்டுதான்.

பிள்ளைகளைச் சேர்க்க, பர்டியூ இருக்கும் வெஸ்ட் லாஃபயெட் ஊருக்குப் போகிறவர்கள் உள்ளூர் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். ஆட்டத்துக்கு முன் வளாகத்திலுள்ள ஸ்லேட்டர் மேட்டில் பேண்டு வாசிக்கும். அதற்கு டிக்கெட் கிடையாது. ஸ்வெட்டரை மறக்காதீர்கள், அக்டோபர் காற்று பொல்லாதது.