28-ஆம் நாள் கணக்கு

ஐயாவுக்கு நான் சொன்ன பதிலில் தவறில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஆச்சி கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லியிருக்க வேண்டுமா என்கிற யோசனை மட்டும் விடமாட்டேன் என்கிறது.

பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன ஆச்சியின் தோளை மெல்ல உயர்த்திக்கொண்டிருந்தேன். "முன்னெல்லாம் ஊருக்கு ஒருத்தருக்குக் கைகால் விழும். இப்ப தெருவுக்கு நாலு பேரு. நெசமாவே கூடிப்போச்சா ஆத்தா, இல்ல நமக்குத்தான் அப்படித் தெரியுதா?" என்றார் ஐயா. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிற என்னிடம் எல்லோரும் கேட்பதுதான். "பிரஷர் மாத்திரையை விடாமப் போடுங்க" என்று முடித்துவிடுவேன். ஐயா மலேசியாவில் கடைக்கணக்கு எழுதியவர். அவரிடம் அப்படி முடிக்க முடியாது.

தெரிந்ததைச் சொன்னேன். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில் 1980-களின் தொடக்கத்தில் ஒரு முறையும், 2002 முதல் மறுபடியும் எண்ணிப் பார்த்தார்கள். வயதுக்கு வயது ஒப்பிட்டபோது, புதிதாகப் பக்கவாதம் வருவது 29 சதவீதம் குறைந்திருந்தது. பிரஷருக்கும் கொழுப்புக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் கூடியிருந்தார்கள், புகைபிடிப்பவர்கள் குறைந்திருந்தார்கள். ஆனால் வந்தவர்களில் இறந்துபோகிறவர்களின் விகிதம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. நம்மைப் போன்ற நாடுகளிலோ 1970-க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் நோய் இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கிறது.

"நம்ம ஊர்க் கணக்கு?"

பக்கத்தில் திருவனந்தபுரத்தில் 2005-இல் எடுத்தார்கள் என்றேன். பக்கவாதம் வந்து 28 நாளுக்குள் இறந்தவர்கள் நகரத்தில் நூற்றுக்கு 25 பேர் போல, கிராமப்புறத்தில் 37. செட்டிநாட்டில் அப்படி எண்ணுவது லேசுப்பட்ட வேலை இல்லை. எத்தனையோ வீடு பூட்டிக் கிடக்கிறது, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்தான் திறக்கிறார்கள். யாரை ஊர்க்காரர் என்று கணக்கில் வைப்பது? நோய் வந்தவரை மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டுபோய்விடுகிறோம். வீட்டிலேயே இறந்துபோனால் 'வயசாயிடுச்சு' என்பதோடு சரி. சின்னஞ்சிறுசுகள் எல்லாம் வெளியூர் போய், தெருவில் இருப்பதே வயதானவர்கள்தான் என்றால் தெருவுக்கு நாலு பேர் விழத்தான் செய்வார்கள். நோய் கூடியதா, வயது கூடியதா என்று பிரிக்காமல் ஐயா கேட்டதற்குப் பதிலே இல்லை. இது அவருக்கு உடனே பிடிபட்டது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம்தான் கேட்டார். "அது என்ன 28 நாள்?"

"அத்தனை நாள் கழிச்சு உயிரோட இருக்காங்களான்னு பார்ப்பாங்க ஐயா. இருந்தா பிழைச்சவங்க கணக்கு."

"அப்ப இவ?"

"ஆச்சியும் அதுலதான்."

கொஞ்சம் பொறுத்து, "எந்திரிச்சு நடந்து போனவனும் இவளும் ஒரே வரவா?" என்றார்.

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சிக்குப் போனது பேச்சுதான், சொல்வதெல்லாம் புரியும். நல்ல கையான இடது கையால் சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

மறைத்திருந்தால் சரியாக இருந்திருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆச்சிக்குத் தூக்கத்தில் வந்தது. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து அதைக் கணக்கிடுவதால், விடிந்து மதுரைக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்திருந்தது. அன்றிலிருந்து, பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "சரியாயிடும் ஆச்சி" என்கிறார்கள். நானும் ஒருத்தியாகச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு மனுஷியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர் எந்தக் கணக்கில் வருகிறார் என்று நாங்கள் இருவரும் பேசி முடித்தோம். உண்மையைச் சொன்னேன் என்பதால் இது சரியாகிவிடுமா?

அடுத்த முறை போனபோது ஆச்சியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். ராங்கின் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. தொந்தரவே இல்லாவிட்டால் 0, இறப்பு 6. பிறர் பிடிக்காமல் நடக்க முடியாவிட்டால் 4, வேறு உதவி தேவைப்பட்டாலும் தானே நடந்தால் 3. உயிரோடு இருப்பதை மட்டும் பார்க்காமல் இதையும் பார்ப்பார்கள். "நீங்க இப்ப 4 ஆச்சி." ஐயா தன் டைரியில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். ஆச்சி என் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார்.

அன்றிலிருந்து வீட்டின் நடுக்கட்டான வளவில் நடக்கப் பழக்குகிறேன். ஆத்தங்குடிக் கல் வழவழப்பு, வலது பாதம் தொங்கி, முனை தரையில் இழுபடுகிறது. காலை அரைவட்டமாகச் சுழற்றி வைக்கிறார். தரையையாவது சமாளிக்கலாம். கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போக நிலைப்படிகளைத் தாண்ட வேண்டும், ஒவ்வொன்றும் முழங்காலுக்குச் சற்றுத்தான் கீழே. பலகை சாய்த்துத் தரச் சொல்லியிருக்கிறேன். தச்சர் வருவதாகச் சொல்லி இன்னும் வரவில்லை.

போகும்போதெல்லாம் ஐயா டைரியை எடுத்துவைத்துக்கொண்டு "3 ஆச்சா?" என்கிறார். ஆச்சியும் என் வாயையே பார்க்கிறார். இந்த வயதில், இந்த வீட்டில், 3 வராமலேயே போகலாம். அதை இன்னும் நான் சொல்லவில்லை.