எங்கேருந்து பாத்தீங்க?

படுத்திருக்கும்போது அப்படியே மேல மிதந்து போனேன், கீழ பாத்தா கட்டில்ல நானே படுத்திருக்கேன்னு யாராவது சொன்னா ரெண்டு பதில் ரெடியா இருக்கும். ஆன்மா வெளிய போயிட்டு வந்துருக்குன்னு ஒருத்தர் சொல்வார், அட கனவுதான் விடுப்பான்னு இன்னொருத்தர் சொல்வார். ரெண்டு பேரும் அந்த ஆள்கிட்ட ஒரு கேள்விகூட கேக்க மாட்டாங்க, எனக்கு அதுதான் தாங்கல. நான் முதல்ல கேக்குறது, நீங்க எங்கேருந்து பாத்தீங்க? உங்க உடம்பு எங்க இருந்துச்சு? "நான்"ங்குற உணர்வு அந்த ரெண்டுல எந்தப் பக்கம் இருந்துச்சு? இத கேட்டாலே பாதி குழப்பம் தீந்துடும்.

ஏன்னா உடம்புக்கு வெளிய போற அனுபவம்னு சொன்னா அதுக்கு ஒரு தெளிவான வடிவம் இருக்கு. முழிச்சிருக்க மாதிரியே இருக்கும், "நான்" உடம்புக்கு வெளிய ஒரு இடத்துல இருப்பேன், பெரும்பாலும் கொஞ்சம் மேல, அங்கேருந்து ரூமும் என் உடம்பும் தெரியும். இதுக்கு ரொம்ப பக்கத்துலயே இன்னொன்னு இருக்கு, ஆட்டோஸ்கோபின்னு டாக்டர்கள் சொல்றது, அதுல நீங்க உங்க உடம்புக்குள்ளயேதான் இருப்பீங்க, ஆனா எதிர்ல இன்னொரு நீங்க நிப்பீங்க. நடுவுல ஹியாட்டோஸ்கோபின்னும் ஒன்னு, அதுல இந்த ரெண்டு பேர்ல நான் யாருன்னே சொல்ல முடியாம மாறி மாறி போகும். மூணுலயும் பாக்குறது தன்னையேதான், எங்கேருந்துங்குறதுதான் வேற.

இது 2002ல ஜெனீவால நரம்பியல் டாக்டர் ஓலாஃப் பிளாங்கே டீம்கிட்ட கிட்டத்தட்ட கையில பிடிபட்டுச்சு. வலிப்பு நோய் இருந்த 43 வயசு பெண்ணுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி மூளைல எலக்ட்ரோடு வச்சு எந்த இடம் என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு இருந்தாங்க, வலது பக்கம் ஆங்குலர் ஜைரஸ்னு ஒரு பகுதி, அங்க லேசா கரண்ட் குடுத்தப்ப படுக்கைக்குள்ள அமுங்குற மாதிரியும் உயரத்துலேருந்து விழுற மாதிரியும் இருக்குன்னு சொல்லிருக்காங்க, கரண்ட்ட கொஞ்சம் கூட்டினதும் மேலேருந்து நான் படுத்திருக்கறத பாக்குறேன், ஆனா என் காலும் உடம்போட கீழ்ப் பகுதியும் மட்டும்தான் தெரியுதுன்னு சொன்னாங்க. முழு உடம்பு தெரியல பாருங்க. அதவிட முக்கியம், முதல்ல வந்தது காட்சியே இல்ல, விழுற உணர்வுதான் வந்துச்சு.

அந்த விழுற உணர்வுதான் எனக்கு இதோட சாவியா தெரியுது. நான் இங்க இருக்கேன்னு நமக்குத் தோணுதே, அத மூளை ஒவ்வொரு நொடியும் கட்டிக்கிட்டே இருக்கு, கண்ணு சொல்றது, தோல் சொல்றது, மூட்டு தசை சொல்றது, உள்காதுல பேலன்ஸ் பாக்குற உறுப்பு சொல்றது எல்லாத்தையும் சேத்து. மூளைல பொட்டு மடலும் உச்சி மடலும் சேர்ற இடத்துக்கு இதுல பெரிய பங்கு இருக்கு. அங்க கணக்கு ஒத்துவரலன்னா "நான்" நகந்து போயிடுது. 2007ல ஹென்ரிக் எர்சன்னு ஒரு மூளை ஆய்வாளர் நல்லா இருக்க ஆளுங்களையே உக்கார வச்சு இத காட்டினார், அவங்க முதுகுக்குப் பின்னாடி கேமரா, அது பாக்குறது அவங்க கண்ணுல மாட்டின திரையில தெரியும், அதாவது தன் முதுகையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க, அப்ப ஒரு குச்சியால நெஞ்ச தொட்டுட்டே அதே நேரத்துல கேமராவுக்குக் கீழயும் இன்னொரு குச்சிய தொடுற மாதிரி அசைச்சா கொஞ்ச நேரத்துல நான் பின்னாடிதான் உக்காந்திருக்கேன்னு தோண ஆரம்பிச்சிடும். கேமரா பக்கம் சுத்தியல வீசினா நிஜ உடம்பு வேர்க்குது! அடுத்து உள்காது. 2017ல வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வுல தலைசுத்தல் நோயாளிங்க 210 பேர்ல 14 சதவீதம் பேர் இந்த அனுபவம் வந்துருக்குன்னு சொன்னாங்க, அந்தப் பிரச்சனை இல்லாதவங்கள்ல 5 சதவீதம்தான்.

பாக்குறதும் வெளிய இருக்கறதும் தனித்தனியா பிரியவும் செய்யும். அதே 2007ல பெல்ஜியத்துல காது இரைச்சலுக்காக மூளைல எலக்ட்ரோடு வச்ச ஒருத்தருக்கு, கரண்ட் குடுத்தா, தான் உடம்புக்கு அரை மீட்டர் பின்னாடி இருக்க மாதிரி உணர்வு வரும், ஆனா தன் உடம்ப அவர் பாக்கவே இல்ல.

சரி, கனவுன்னு சொல்றவங்களுக்கு. லூசிட் ட்ரீம்ங்குறது கனவுக்குள்ள இருந்துட்டே இது கனவுன்னு தெரிஞ்சிருக்கறது. 1975ல இங்கிலாந்துல கீத் ஹெர்ன்ங்குற கனவு ஆய்வாளரோட லேப்ல தூங்கிட்டிருந்த ஒருத்தர், முன்னாடியே பேசி வச்சபடி கண்ண இடம் வலமா அசைச்சு கனவுக்குள்ளேருந்து சிக்னல் குடுத்தார், கனவு அதிகமா வர்ற REM தூக்கத்துல உடம்பு தசையெல்லாம் ஆஃப் ஆகியிருந்தாலும் கண்ணு அசையும்ல, அதனால. லூசிட் ட்ரீம்ல இருக்கவருக்கு இது நிஜம் இல்லன்னு தெரியும், அங்க கடல் வரும், பறக்கலாம், கட்டில்ல கிடக்குற உடம்பப் பத்தின நினைப்பே பெரும்பாலும் இருக்காது. வெளிய போனவரு அப்படி இல்ல, இது நிஜம்னு அடிச்சு சொல்வார், அவர் பாக்குறதும் அதே ரூம், அதே கட்டில்.

பேய் அமுக்குதுன்னு சொல்றோமே அந்த ஸ்லீப் பாராலிசிஸ்தான் இதுல ரொம்ப கலந்து வருது. REM தூக்கத்தோட தசை பூட்டு கழலாமலே முழிப்பு வந்துடும், நெஞ்சு மேல பாரம், ரூம்ல யாரோ இருக்க உணர்வு, கத்தவும் முடியாது. ஆனா அதுல நீங்க உடம்புக்குள்ளயே மாட்டிட்டு இருக்கீங்க, நேரெதிர் நிலை. பல பேருக்கு அங்கேருந்தே நழுவி வெளிய வர்றதும் நடக்கும். எனக்கும் ஒரு தடவை அப்படித்தான், அசைய முடியாம கிடந்து பயந்து ஒரு கட்டத்துல பக்கவாட்டுல உருண்டு வெளிய வந்த மாதிரி ஆச்சு, பயம் அந்த நொடியே போயிடுச்சு, இன்னிக்கும் ஞாபகம் இருக்கறது அந்தக் கோணம்தான், ஃபேன் கண்ணுக்கு நேரா இருந்துச்சு.

நான் ரொம்ப கவலைப்படுறது டீபெர்சனலைசேஷன் பத்தி. அதுல யாரும் எங்கயும் மிதக்கல, கண்ணு இருக்க இடத்துலேருந்துதான் பாக்குறாங்க, ஆனா கை என் கை மாதிரி இல்ல, பேசுறது நான் இல்ல, எல்லாத்துக்கும் நடுவுல ஒரு கண்ணாடி நிக்குது. சில பேர் என்ன நானே வெளியேருந்து பாக்குற மாதிரி இருக்குன்னும் சொல்வாங்க, ஆனா அந்த "மாதிரி" அவங்களுக்கே தெரியும். மாசக்கணக்குல நீடிக்கும், பதட்டத்தோட சேந்து வரும், ரொம்ப வேதனை. இவங்ககிட்ட போய் உனக்கு ஆன்மாவ வெளிய அனுப்புற ஆஸ்ட்ரல் சக்தி வந்துருக்கு, தியானத்த இன்னும் கூட்டுன்னு சொல்றத கேட்டா எனக்கு கோவமே வருது, தியானத்தால இது அதிகமாகுறவங்களும் இருக்காங்க. இவங்களுக்கு வேண்டியது மனநல டாக்டர்.

மரண விளிம்பு அனுபவத்தையும் இதையும் ஒன்னா பேசுறாங்க. 2001ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த நெதர்லாந்து ஆய்வுல இதயம் நின்னு பிழைச்ச 344 பேர்ல 62 பேருக்கு அந்த அனுபவம் இருந்துச்சு, அந்த 62லயே 15 பேர்தான் உடம்புக்கு வெளிய இருந்தேன்னு சொன்னாங்க. அப்போ இது அதோட ஒரு பகுதி, அதுவும் எல்லாருக்கும் வர்றதில்ல. வெளிய போனவங்க நிஜமாவே எதையாவது பாக்குறாங்களான்னு டாக்டர் சாம் பார்னியா குழு ஆஸ்பத்திரிகள்ல மேலேருந்து பாத்தா மட்டும் தெரியுற படங்கள அலமாரில வச்சாங்க, 2014ல ரிசல்ட் வந்துச்சு, பாத்ததா கேட்டதா விவரமா சொன்ன ரெண்டு பேருக்கும் இதயம் நின்னது அந்த அலமாரி இல்லாத இடத்துல. அதனால அத வச்சு இந்தப் பக்கமும் சொல்ல முடியல, அந்தப் பக்கமும் சொல்ல முடியல. மூளைல கரண்ட் குடுத்து வரவைக்க முடியுதுங்குறது எனக்குப் பெரிய ஆதாரம், அதனால நான் மூளை பக்கம்தான் சாயுறேன், ஆனா அனுபவிச்சவங்க சொல்றது பொய்ன்னு ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

எப்பவோ ஒரு தடவை தூக்கம் வர்ற நேரத்துல நடந்துருந்தா பயப்பட ஒன்னும் இல்ல. திரும்பத் திரும்ப பகல்லயே வருது, கூடவே இல்லாத வாசனை வருது, கொஞ்ச நேரம் நினைவு தப்புது, கை கால் இழுக்குதுன்னா நியூராலஜிஸ்ட்ட பாருங்க, வலிப்பா இருக்கலாம். தலைசுத்தலோட வந்தா காது டாக்டர். போகும்போது எங்கேருந்து பாத்தீங்க, என்ன தெரிஞ்சுது, என்ன தெரியலன்னு எழுதி எடுத்துட்டு போங்க.