சுவாஹிலி அகராதியும் சிங்கப்பூர்ச் செவியும்
சிங்கப்பூரில் மலாய் கேட்டு வளர்ந்த தமிழருக்கு, கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலிக்கும் ஆங்கிலத்துக்குமான அகராதி முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ‘துனியா’ மலாய், சுவாஹிலி ஆகிய இரு மொழிகளிலும் உலகத்தையே குறிக்கிறது. ‘அப்பா கபார்’ என்று நலம் விசாரிக்கும் நமக்கு, செய்தியைக் குறிக்கும் ‘ஹபாரி’ உடனே விளங்கும், ஏனெனில் இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. என்னை மிகவும் வியக்க வைப்பது புத்தகத்தைக் குறிக்கும் ‘கிதாபு’: அரபிச் சொல்லின் முதலசையான ‘கி’யைச் சுவாஹிலி தன் சொந்த ஒருமை முன்னொட்டாகவே ஏற்று, ‘விதாபு’ என்று பன்மையும் அமைத்துக்கொண்டது. ஆகவே ‘விதாபு’வுக்குப் பொருள் தேடுபவர் ‘கி’ வரிசைக்குத்தான் போக வேண்டும். வினைகளும் அப்படியே, ‘நினசோமா’ என்றால் நான் படிக்கிறேன், ஆனால் அகராதியில் கிடைப்பது ‘சோமா’ என்னும் வேர் மட்டுமே. நேரத்தைப் பெயர்ப்பதற்கு இன்னும் கவனம் வேண்டும்: ‘சா மோஜா அசுபுஹி’ சொல்லளவில் காலை 1 மணி என்றாலும், அங்கே பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுவதால், ஆங்கிலத்தில் அதைக் காலை 7 மணி என்றே எழுத வேண்டும்.