கூடாரவல்லி வரை

பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று மகள் ஏறியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. யாரும் அவளை ஏறச் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தவள் தூங்கிவிட்டுப் போயிருக்கலாம். இறக்கை உடைந்த டேபிள் ஃபேன், 'இருக்கட்டும்' என்று அம்மா பத்திரப்படுத்தியிருக்கும் பித்தளை அண்டா, இவற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் பையை இறக்கினாள். உள்ளே என் பழைய டைரிகள். மொத்தம் ஒன்பது.

நான் டைரியைக் காசு கொடுத்து வாங்குகிறவன் இல்லை. ஆனால் ஓசியில் வந்த டைரிக்கும் ஜனவரி 1ஆம் தேதி மரியாதை உண்டு. முத்து முத்தான கையெழுத்தில், எண் போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடிட்டுத் தீர்மானங்கள். 5ஆம் தேதி வாக்கில் எழுத்து சாயும். 11ஆம் தேதியோடு என் கையெழுத்தே இருக்காது. மிச்சம் 350 சொச்சம் பக்கங்களும் அம்மாவின் ராஜ்ஜியம். பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, 15 புள்ளி 8 வரை ஊடு புள்ளிக் கோலம்.

மகள் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். 2010: 'தினமும் நாலரைக்கு எழுதல்.' அடுத்த பக்கம்: 'எழுந்தேன். மறுபடி படுத்தேன்.' 2013: 'கோபப்படக் கூடாது.' மறுநாள்: 'கோபம். காரணம், சட்னி.' என் மனைவி அரிவாள்மணையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடத் தேவலை.

எல்லா வருஷமும் 11ஆம் தேதி ஒரே மாதிரி: 'வெட்கம் கெட்டவனே. உனக்கெல்லாம் எதற்கு டைரி?' நாலாவது டைரியில் இதைப் படித்ததும் மகளின் குரல் இறங்கிவிட்டது.

"என்னப்பா, உன்னை நீயே இப்படியா திட்டிப்ப?"

2015இல், கண்ணகி சிலையிலிருந்து காந்தி சிலை வரை தினமும் நடப்பதாக எழுதியிருந்தேன். பெரும்பாலும் கண்ணகி காலடியிலேயே சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிடுவேன். அங்கே உட்கார்ந்தால் பாண்டியன் ஞாபகம்தான் வரும். கோவலனை விசாரிக்காமல் வெட்டச் சொன்னவன், தப்பு தெரிந்ததும் தனக்கும் அதே வேகத்தில் 'யானே கள்வன்' என்று தீர்ப்புச் சொல்லிச் சிம்மாசனத்திலேயே உயிரை விட்டான். அவன் டைரி எழுதியிருந்தால் 11ஆம் தேதிப் பக்கம் என்னுடையதைப் போலத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் மகள் போனை எடுத்தாள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் நெஃப் என்று ஓர் உளவியல் அம்மணி. மனிதன் தன்மேல் எவ்வளவு கருணையாக இருக்கிறான் என்று அளக்க 2003லேயே 26 கேள்விகள் போட்டு வைத்திருக்கிறாராம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை போட வேண்டும். கஷ்டமான நேரத்தில் தன்னிடம் தானே அன்பாக இருப்பது பற்றி ஒரு கேள்வி வந்தது. நான் யோசிப்பதற்குள் அடுக்களையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"அஞ்சு போடு. நேத்திக்கு எனக்குத் தலைவலின்னு சொன்னப்போ ரெண்டாவது தட்டு பொங்கலை எவ்வளவு அன்பா போட்டுண்டார் தெரியுமா?"

மதிப்பெண்ணை விட்டுவிட்டு மகள் பயிற்சிக்கு வந்தாள். காலையில் கண்ணாடி முன் நின்று, ஒரு நெருங்கிய சிநேகிதனிடம் எப்படிப் பேசுவாயோ அப்படி உன்னிடம் பேசு என்றாள். டெக்சாஸில் சிநேகிதர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்களோ, தெரியாது. நானும் என் ஹைஸ்கூல் சிநேகிதனும் நாற்பது வருஷமாக ஒரே மாதிரிதான் பேசுகிறோம். மறுநாள் காலை பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து மனதார ஆரம்பித்தேன். "ஏன்டா தடிமாடு, கட்டையில போறவனே, தொப்பையைப் பாரு, இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

உள்ளபடியே சுகமாக இருந்தது. ஆனால் எங்கள் பாத்ரூம் ஜன்னல் எங்கே திறக்கிறது என்பது திருவல்லிக்கேணிக்கே தெரியும். பத்தாவது நிமிஷம் மாடி வீட்டு மாமி வாசலில் நின்று, "உங்க பிள்ளை யாரையோ உள்ள போட்டு அடிக்கிறாப்பல இருக்கே" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமியை அனுப்பிவிட்டு வந்த அம்மா, டைரிக் குவியலைப் புரட்டிப் பார்த்தாள். எண்பத்திரண்டு வயசிலும் தேதி விஷயத்தில் அவளை அசைக்க முடியாது.

"இவன் மேல தப்பே இல்லடி. பதினொண்ணாம் தேதி கூடாரவல்லின்னா? நான் அக்காரவடிசல் பண்ற நாள்."

ஒன்பது வருஷத் துப்பறியும் கதை ஒரு வரியில் முடிந்தது. கூடாரவல்லி என்றால் ஆண்டாளின் மார்கழி நோன்பு முடிந்து, நெய் சொட்டும் சர்க்கரைப் பொங்கலான அக்காரவடிசல் சாப்பிடும் நாள். மார்கழி 27, ஜனவரி 11இல் வரும்; சில வருஷம் 12. திருப்பாவை இரண்டாம் பாட்டில் நெய் வேண்டாம், பால் வேண்டாம், மை வேண்டாம், பூ வேண்டாம் என்று ஆண்டாள் போட்ட பட்டியல்தான் எனக்குத் தெரிந்து தமிழில் முதல் தீர்மானப் பட்டியல். இருபத்தேழாம் பாட்டில் நெய் முழங்கை வழியாக வழிகிறது. வைஷ்ணவப் பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நோன்பு நோற்று முடித்தவள்தான் சாப்பிட்டாள். என்னைப் போலத் தொடங்கிய பதினொன்றாம் நாள் இல்லை.

"அவளே ஒரு பாக்கி வச்சிட்டுத்தான் போனா" என்றாள் அம்மா. அழகர்கோவில் பெருமாளுக்கு நூறு தடா, அதாவது நூறு பெரிய பானை வெண்ணெய், நூறு தடா அக்காரவடிசல் என்று ஆண்டாள் நேர்ந்துகொண்டாள். கொடுக்க வாய்க்கவில்லை. சில நூறு வருஷம் கழித்து ராமானுஜர் போய்க் கொடுத்தார். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவரை அவள் 'அண்ணா' என்று கூப்பிட்டாள் என்பார்கள். பாட்டி நூறாவது முறையாகச் சொல்லும் கதை. ஆனால் மகள் இந்த முறை போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

பிறகு 2012 டைரியை எடுத்து, நாலாவது தீர்மானத்தில் விரலை வைத்தாள். 'நீச்சல் கற்க வேண்டும்.' அந்தக் கோடையில் மெரினா நீச்சல்குளத்தில் நீந்தக் கற்றவள் அவள். நான் கரையில் நின்று அவளுடைய துண்டுக்கும் செருப்புக்கும் காவல்.

"இதை நான் முடிச்சுட்டேன்ல?" என்று பக்கத்தில் ஒரு டிக் போட்டுத் தன் இனிஷியலையும் போட்டாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் வாசல் பக்கம் போய்விட்டேன்.

"ஒம்பது டைரியிலேயும் எட்டு கிலோ இளைக்கணும்னு இருக்கே, அதுக்கு எந்த ராமானுஜர் வரப்போறார்?" என்றாள் மனைவி.

வரப்போகிற வருஷத்து டைரி நேற்று சாயங்காலம்தான் வந்தது. பிரிப்பதற்குள் அம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ராத்திரி எட்டிப் பார்த்தேன், புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். ஜனவரி 12ஆம் தேதியிலிருந்து. முதல் பதினொரு பக்கத்தைத் தொடவில்லை.