ஒருவருக்கும் முப்பது நிமிடம் இல்லை: ஸ்பர்ஸ் ரசிகரின் நாட்குறிப்பு, 2013–14

அக்டோபர் 30, 2013

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஆடும் சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் புதிய பருவம் இன்று மெம்பிஸுக்கு எதிரான ஆட்டத்துடன் தொடங்கியது. ஆனால் ரசிகர்கள் நாங்கள் ஒன்றுகூடியதும் பேச்சு ஜூன் 18-ஆம் தேதிக்கே போய்விட்டது. மயாமியில் நடந்த இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், 28 நொடிகள் மீதமிருந்தபோது நம் அணி ஐந்து புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. கோப்பை வழங்கும் நிகழ்ச்சிக்காக ஆடுகளத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு பிடிக்கவும் ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில் மனு ஜினோபிலியும் கவாய் லெனர்டும் ஆளுக்கு ஒரு ஃப்ரீ த்ரோவை (எதிரணியின் விதிமீறலுக்காகத் தரப்படும் தடையற்ற எறிவை) தவறவிட்டார்கள். லெப்ரான் ஜேம்ஸ் ஒரு மூன்று புள்ளிக் கூடை போட்டார். பிறகு கிறிஸ் பாஷ் எடுத்த ரீபவுண்டை (கூடையில் விழாமல் திரும்பிய பந்தை) வாங்கிய ரே ஆலன், பின்னுக்கு நகர்ந்து மூலைக்குப் போய், 5.2 நொடிகள் இருக்கையில் 95–95 என்று சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 103–100 என்று தோற்றோம். கடைசியான ஏழாவது ஆட்டமும், அதோடு கோப்பையும் கைநழுவியது.

அந்த நொடியில் டிம் டங்கனை ஏன் வெளியே உட்காரவைத்தார் பயிற்சியாளர் பாப்போவிச் என்ற கேள்வியை இன்றும் ஒருவர் கிளப்பினார். வெளிவட்டத்தில் நிற்கும் எறிவாளர்களை ஓடிப் பிடிக்க வேகமான கால்கள் தேவை என்பதற்காகவே, உயரமான டங்கனுக்குப் பதிலாகப் போரிஸ் டியாவை இறக்கினார்கள். ஜேம்ஸின் கூடைக்கு முன்பும் ஆலனின் கூடைக்கு முன்பும் ரீபவுண்ட் மயாமியின் கைக்குப் போனதால், இந்த முடிவு எங்கள் மனத்தில் ஆறாத புண்ணாகிவிட்டது. என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. பாப்போவிச்சின் முடிவு அந்த நேரத்து நியாயத்தோடு எடுக்கப்பட்டது. 37 வயதில் அன்று 30 புள்ளிகளும் 17 ரீபவுண்டுகளும் எடுத்த டங்கனே அதைக் குறைசொல்லாதபோது நாம் சொல்வதில் பொருளில்லை. பயிற்சி முகாமின் தொடக்கத்திலேயே அந்த ஆட்டத்தின் பதிவைப் பாப்போவிச் அணியினர் அனைவரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாராம். தோல்வியை மூடி மறைக்காத இந்தப் பழக்கத்தால்தான் இந்த அணியின் மீது எனக்கு இவ்வளவு பற்று.

ஜனவரி 23, 2014

நேற்று ஓக்லஹோமா சிட்டியிடம் தோற்றதைவிட, லெனர்டின் வலது கையில் எலும்பு முறிந்தது பெரிய அடி. தியாகோ ஸ்பிளிட்டருக்குத் தோளில் காயம், டேனி கிரீனுக்கு விரலில் முறிவு. தொடக்க ஐவரில் மூவர் ஒரே சமயத்தில் இல்லாமல் போனால் வேறெந்த அணியும் நிலைகுலைந்துவிடும்.

லெனர்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜார்ஜ் ஹில்லின் பெயரும் வந்துவிடுகிறது. அணிகள் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் 2011 தேர்வு இரவில், பாப்போவிச்சுக்கு மிகவும் பிடித்தமான ஆட்டக்காரராக இருந்த ஹில்லை அவருடைய சொந்த ஊரான இண்டியானாபொலிஸுக்கு அனுப்பிவிட்டு, 15-ஆவது இடத்தில் தேர்வான ஒரு மௌனமான இளைஞரை வாங்கினார்கள். அன்று எங்களில் பலர் கோபப்பட்டார்கள். ஹில்லுக்கு அங்கே நல்ல இடம் கிடைத்திருக்கிறது, அதில் எல்லோருக்கும் மகிழ்ச்சியே. ஆனால் எதிரணியின் தலைசிறந்த ஆட்டக்காரரை இரவு முழுவதும் நிழல்போலத் தொடரக்கூடிய ஒருவர், புரூஸ் போவனுக்குப் பிறகு, லெனர்ட் வரும்வரை நமக்கு வாய்க்கவில்லை. போவன் ஒரு மூலையில் நின்று மூன்று புள்ளி எறிவதோடு நிறுத்திக்கொள்வார். இந்த இளைஞர் பந்தைப் பறித்துக்கொண்டு தானே ஓடிப்போய்க் கூடையிலும் போடுகிறார். அந்தப் பெரிய கைகளில் ஒன்றுக்குத்தான் இப்போது கட்டு போட்டிருக்கிறது.

பிப்ரவரி 16, 2014

அரங்கைக் கால்நடைக் கண்காட்சிக்கும் ரோடியோவுக்கும் விட்டுவிட்டு, அணி வழக்கம்போல் பிப்ரவரி முழுக்க வெளியூர்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நேற்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த மூன்று புள்ளி எறிவுப் போட்டியில் மார்கோ பெலினெல்லி, சமநிலைக்குப் பின் நடந்த கூடுதல் சுற்றில் பிராட்லி பீலை வென்றார். நம் அணியில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக இறங்கும் ஒருவர் நாட்டின் சிறந்த எறிவாளர்களை வென்றதில் எனக்கு வியப்பில்லை.

ஏப்ரல் 17, 2014

முறைப்படியான பருவம் முடிந்தது: 62 வெற்றி, 20 தோல்வி, லீக்கிலேயே முதலிடம். இடையில் தொடர்ச்சியாக 19 ஆட்டங்களை வென்றதும் ஸ்பர்ஸ் வரலாற்றில் புதிய சாதனை. ஆனால் இந்த ஆண்டை நினைவில் வைக்க வேண்டிய எண் வேறு. அணியில் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடங்கள் ஆடவில்லை. டோனி பார்க்கர் 29.4, டங்கன் 29.2, லெனர்ட் 29.1. லீக்கின் வரலாற்றில் எந்த அணிக்கும் இதற்குமுன் இப்படி நேர்ந்ததில்லை. அதிகப் புள்ளி எடுத்த பார்க்கரின் சராசரியும் 16.7 தான்.

இதை வைத்து நேற்றிரவு நீண்ட விவாதம் நடந்தது. ஒரு நண்பர், நட்சத்திரம் என்று சொல்ல ஒருவர் இல்லாத அணி பிளேஆஃபில் (பருவத்துக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் தொடர்களில்) தாங்காது என்றார். பழைய ஸ்பர்ஸைப் பாருங்கள் என்று ஜார்ஜ் கெர்வினை எடுத்துக்காட்டினார். 1978 ஏப்ரல் 9 அன்று, பருவத்தின் கடைசி நாளில், பிற்பகலில் டென்வரின் டேவிட் தாம்ஸன் 73 புள்ளிகள் எடுத்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அன்றிரவு கெர்வின் 63 எடுத்து, அதில் 33-ஐ இரண்டாவது கால்பகுதியிலேயே குவித்து, 27.22-க்கு 27.15 என்ற மயிரிழையில், பருவத்தின் அதிகப் புள்ளிச் சராசரிக்கான பட்டத்தை வென்றார். விரல் நுனியிலிருந்து பந்தை உருட்டிவிடும் அவருடைய அந்தக் கூடையை இன்றைக்கும் சிறுவர்கள் பழகிப் பார்க்கிறார்கள். 1994 ஏப்ரல் 24 அன்று டேவிட் ராபின்சனும் இதையே செய்தார். ஷகீல் ஓ'நீலைத் தாண்டுவதற்காக, லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்கு எதிராக 71 புள்ளிகள் எடுத்தார்.

எங்களில் மூத்தவர் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த 71-ஐ ராபின்சன் தனியாக எடுத்தார் என்று நினைத்துவிடாதே, தம்பி. மற்ற நால்வரும் தங்களுக்கு வந்த எறிவுகளையெல்லாம் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். கொடுக்கும் பழக்கம் அன்றைக்கும் இருந்தது, இப்போது அது எல்லாத் திசையிலும் போகிறது, அவ்வளவுதான்" என்றார்.

நான் இதோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். கெர்வினின் நான்கு புள்ளிப் பட்டங்களும் ராபின்சனின் ஒரு பட்டமும் ஒரு கோப்பையைக்கூடக் கொண்டுவரவில்லை. 1997-இல் டங்கன் வந்த பிறகு ராபின்சன், 1995-இன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர், கூடைக்கு அருகிலிருந்த தன் இடத்தை ஓர் இளைஞருக்கு விட்டுக்கொடுத்துத் தற்காப்பைத் தன் முதல் வேலையாக ஏற்றார். 1999-இலும் 2003-இலும் கோப்பை வந்தது அதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிறகு ஜினோபிலி, எந்த அணியிலும் முதல் ஐவரில் நிற்கக்கூடியவர், ஆண்டுக்கணக்காக மாற்று இருக்கையிலிருந்து இறங்கினார். 2012-இல் டங்கன் தன் சம்பளத்தைப் பாதிக்கும் மேல் குறைத்துக்கொண்டார். டியாவ், கிரீன் போன்றவர்களை அணியில் வைத்திருக்க முடிந்ததில் அதற்குப் பங்கு உண்டு. இந்த ஆண்டின் 29 நிமிடக் கணக்கும் அந்தப் பரம்பரையின் தொடர்ச்சியே. முதியவர்கள் ஏப்ரலில் களைப்பில்லாமல் நிற்கிறார்கள். அவர்கள் விட்டுக்கொடுத்த நிமிடங்களைப் பெற்ற பேட்டி மில்ஸும் கோரி ஜோசஃபும் பெரிய ஆட்டத்துக்குப் பழகிவிட்டார்கள். நட்சத்திரம் இல்லை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

ஏப்ரல் 27, 2014

பிளேஆஃபின் முதல் சுற்றில், எட்டாம் இடத்து டல்லாஸிடம் நேற்று 109–108 என்று தோற்றோம். 1.7 நொடிகள் இருக்கையில் ஜினோபிலி முன்னிலை தந்தார். வின்ஸ் கார்ட்டர் மூலையிலிருந்து, மணி அடிக்கும் தறுவாயில், மூன்று புள்ளி போட்டுவிட்டார். மறுபடியும் மூலை, மறுபடியும் கடைசி நொடி. இன்று யாருக்கும் பேசத் தோன்றவில்லை.

மே 31, 2014

ஓக்லஹோமா சிட்டியில் கூடுதல் நேரத்தில் 112–107 என்று வென்றோம். மேற்கு மண்டலப் பட்டம் மீண்டும் நமக்கே.

இந்தத் தொடரை நாங்கள் அச்சத்தோடுதான் பார்த்தோம். 2012-இல் இதே அணிக்கு எதிராக 2–0 என்று முன்னிலை எடுத்து, அடுத்த நான்கையும் தோற்றிருக்கிறோம். இந்தப் பருவத்திலும் முறைப்படியான நான்கு ஆட்டங்களையும் அவர்களிடம் இழந்தோம். இம்முறையும் முதல் இரண்டை எளிதாக வென்றபின், காயத்திலிருந்து செர்ஜ் இபாகா திரும்பியதும் அடுத்த இரண்டை விட்டுக்கொடுத்தோம். இன்றைய ஆட்டத்தின் இடைவேளையில், கணுக்கால் காயத்தால் பார்க்கர் இனி இறங்கமாட்டார் என்ற செய்தி வந்தபோது, இன்னொரு 2012-க்கு மனத்தைத் தயார்செய்துகொண்டேன்.

டியாவ் அதை நடக்கவிடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சார்லட் அணி வேண்டாம் என்று விடுவித்த இந்தப் பிரெஞ்சுக்காரர், மாற்று ஆட்டக்காரராக இறங்கி 26 புள்ளிகள் எடுத்தார். உயரத்துக்கும் எடைக்கும் பொருந்தாத மென்மை அவர் கைகளில் இருக்கிறது. தன்னைவிடக் குட்டையானவர் தடுத்தால் முதுகைக் காட்டி உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார். உயரமானவர் வந்தால் வெளியே நின்று எறிகிறார். இருவர் வந்தால் யாருக்குப் பந்து போக வேண்டுமோ அவருக்கு, அவர் கை நீட்டும் முன்பே, கொடுத்துவிடுகிறார். கூடுதல் நேரத்தில் டங்கன் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஆட்டம் முடிந்தபின், இன்னும் நான்கு வெற்றி தேவை, இம்முறை அதைச் செய்துவிடுவோம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது எங்களைத் திகைக்கவைத்தது. அவர் இப்படிப் பேசிப் பழக்கமே இல்லை.

ஸ்பர்ஸ் ரசிகர்களுக்கு மே 31 என்றால் ஷான் எலியட். 1999-இல் இதே தேதியில், அலமோடோமில், போர்ட்லாந்துக்கு எதிராக 18 புள்ளிகள் பின்தங்கியிருந்த ஆட்டத்தில், ஒன்பது நொடிகள் மீதமிருக்கையில் எலியட் பக்கக் கோட்டை ஒட்டிப் பந்தை வாங்கினார். பதிவைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்: குதிகால்கள் கோட்டுக்கு மேலே காற்றில் நிற்க, முன்பாதம் மட்டும் களத்தில் பதிந்திருக்க, ரஷீத் வாலஸின் நீட்டிய விரல்களுக்கு மேலாக எறிகிறார். 86–85. அப்போதே அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்துகொண்டிருந்தன என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஆகஸ்டில் அவருடைய அண்ணன் நோயெல் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். அடுத்த மார்ச்சில் எலியட் மீண்டும் களமிறங்கினார். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் இந்த லீக்கில் ஆடிய முதல் மனிதர் அவர்தான். நம் அணியின் தொலைக்காட்சி வர்ணனையில் ஒலிக்கும் அவர் குரலை நான் ஒருபோதும் வெறும் வர்ணனையாகக் கேட்டதில்லை.

ஜூன் 9, 2014

இறுதிச் சுற்றில் மயாமியோடு இரண்டாவது ஆட்டம்: 98–96, தோல்வி. நான்காவது கால்பகுதியில் பார்க்கர் இரண்டு, டங்கன் இரண்டு என்று நான்கு ஃப்ரீ த்ரோக்கள் வரிசையாகத் தவறின. தோல்வி இரண்டே புள்ளியில். முதல் ஆட்டத்தில் அரங்கின் குளிரூட்டி பழுதாகி, வெப்பத்தில் ஜேம்ஸின் தசைகள் பிடித்துக்கொண்டதால்தான் ஸ்பர்ஸ் வென்றது என்று சொல்பவர்களுக்கு இப்போது வாய் கிடைத்துவிட்டது.

ஜூன் 11, 2014

நேற்றைய மூன்றாவது ஆட்டத்தின் முதல் பாதியைப் போன்ற கூடைப்பந்தை நான் பார்த்ததில்லை. எறிந்தவற்றில் 75.8 சதவீதம் கூடையில் விழுந்தது. இறுதிச் சுற்றில் இது சாதனை. இடைவேளையில் 71–50, முடிவில் 111–92. அதுவும் மயாமியில், மஞ்சள் கயிறு பிடித்த அதே அரங்கில்.

பாப்போவிச் செய்தது ஒரு சிறிய மாற்றம்: ஸ்பிளிட்டருக்குப் பதிலாக டியாவைத் தொடக்கத்திலேயே இறக்கினார். மயாமியின் தற்காப்பு, பந்து வைத்திருப்பவரை இருவர் பாய்ந்து மறிப்பதை நம்பியது. அந்த இருவருக்கு இடையே நின்று பந்தை வாங்கி அடுத்தவருக்குக் கடத்தத் தெரிந்த பெரிய உடம்பு ஒன்று களத்தில் இருந்ததால், அவர்கள் எங்கே பாய்ந்தாலும் பந்து ஏற்கெனவே வேறிடத்தில் இருந்தது. லெனர்ட் 29 புள்ளிகள் எடுத்தார், அவர் வாழ்வில் இதுவரை எடுத்ததில் அதிகம். அவருக்காக ஓர் ஆட்ட வியூகம்கூட வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. சுழன்று வந்த பந்து நின்ற இடத்தில் அவர் இருந்தார்.

ஜூன் 16, 2014

ஸ்பர்ஸ் சாம்பியன்! நேற்று ஐந்தாவது ஆட்டத்தில் 22–6 என்று பின்தங்கித் தொடங்கி 104–87 என்று முடித்தோம். நான்கு வெற்றிகளும் 15 புள்ளிகளுக்குக் குறையாத வித்தியாசத்தில் வந்தவை; ஐந்து ஆட்டங்களையும் சேர்த்தால் நாம் 70 புள்ளிகள் அதிகம், சராசரியாக 14. எந்த இறுதிச் சுற்றிலும் இவ்வளவு வித்தியாசம் இருந்ததில்லை. வெப்பத்தைப் பற்றிய பேச்சுக்கு இனி இடமில்லை.

பாஷின் தலைக்கு மேலே 36 வயது ஜினோபிலி ஒற்றைக் கையால் பந்தைக் கூடையில் இறக்கியபோது எங்கள் மூத்தவர் எழுந்து நின்று அழுதார். சென்ற ஜூனில் அவரையும் என்னையும் போன்ற சிலரைத் தவிரப் பலரும், ஜினோபிலி ஓய்வு பெறட்டும் என்றார்கள்.

இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது 22 வயது லெனர்டுக்குப் போனதை ஒரு நண்பர் ஏற்கவில்லை. டங்கனுக்குத் தந்திருக்க வேண்டும் என்கிறார். டங்கனின் ஐந்தாவது கோப்பை இது, முதலாவது 1999-இல். உணர்வு எனக்கும் புரிகிறது. ஆனால் நான்காவது ஆட்டத்தில் 20 புள்ளிகளும் 14 ரீபவுண்டுகளும், ஐந்தாவதில் 22-ம் 10-ம் எடுத்துக்கொண்டே ஜேம்ஸையும் மறித்தவர் இந்த இளைஞர்தான். பெயர் அறிவிக்கப்பட்டதும் டங்கனும் பார்க்கரும் ஜினோபிலியும் அவரைச் சூழ்ந்து தோளில் தட்டிக் கூச்சலிட்டதைப் பார்த்தவர்களுக்கு, அந்த மூவரும் விருதை எங்கே பார்க்க விரும்பினார்கள் என்பதில் ஐயம் இருக்காது.

ஜூன் 24, 2014

டங்கன் ஒப்பந்தத்தில் மீதமிருந்த ஓர் ஆண்டையும் ஆடப்போவதாக நேற்று செய்தி வந்தது. 38 வயதில், கையில் கோப்பையோடு விலகிப்போக எல்லா உரிமையும் உள்ள மனிதர். இனிக் கவலை டியாவையும் மில்ஸையும் பற்றியது. இருவரின் ஒப்பந்தமும் முடிகிறது, ஜூலை பிறந்ததும் மற்ற அணிகள் அதிகப் பணத்தோடு வரும். மில்ஸுக்குத் தொடக்க ஐவரில் இடம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஐந்தாவது ஆட்டத்தில் அவர் எடுத்த 17 புள்ளிகளைப் பார்த்தபின், அவரை இழந்து பருவத்தைத் தொடங்குவதை என்னால் நினைக்க முடியவில்லை. இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை வந்தால், நான் டியாவ் பக்கம். மூத்தவர் மில்ஸ் பக்கம்.